பூச்சியங்களிலிருந்து பல்லுறுப்புக்கோவை: எந்தக் கணக்குக்கு எந்த வழி?

மலேசியாவில் நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுக்கும் மாணவர், இருபடிச் சார்பு பாடத்திலேயே, மூலங்கள் தெரிந்தால் சமன்பாட்டை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொண்டுவிடுகிறார். மூலங்களின் கூட்டுத்தொகையைக் கண்டுபிடிக்க வேண்டும், பெருக்கற்பலனைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு x² − (கூட்டுத்தொகை)x + (பெருக்கற்பலன்) = 0 என்று எழுதினால் போதும். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கணக்குப் போட்டுவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள், இதை ‘ஹாசில் தம்பா, ஹாசில் டாராப்’ என்று மலாயிலேயே ஒப்பிப்பதைப் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் உள்ள டியூஷன் வகுப்புகளில் கேட்கலாம். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும் அந்த ஒரு வரி அவர்களைக் கைவிடுவதில்லை.

ஆறாம் படிவத்துக்குப் போனதும் நிலைமை மாறுகிறது. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். கணிதத்தில் மூன்றாம் படி, நான்காம் படிக் கோவைகள் வருகின்றன. ஒரு பூச்சியம், அதாவது கோவையின் மதிப்பைச் சுழியாக்கும் x, கலப்பெண்ணாக இருக்கிறது. இன்னொன்று இரண்டு முறை வருகிறது. போதாக்குறைக்கு, வரைபடம் இந்தப் புள்ளி வழியாகச் செல்கிறது என்று ஒரு கூடுதல் செய்தியும் தரப்படுகிறது. இந்த இடத்தில் மாணவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: காரணிகளை எழுதிப் பெருக்குவது, மூலங்களின் கூட்டுத்தொகை, இரண்டிரண்டாய்ப் பெருக்கிக் கூட்டிய தொகை என்று மேலே மேலே போகும் தொடர்புகளைப் பயன்படுத்துவது, கெழுக்களைத் தெரியாதவையாக வைத்து நேரிய சமன்பாடுகளைத் தீர்ப்பது, பழைய சமன்பாட்டில் மாறியை மாற்றிப் புதியதைப் பெறுவது. நான்கும் சரியான வழிகளே, நான்கும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் தேர்வு மண்டபத்தில் நேரம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகச் செலவாவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சியங்களே கைக்குத் தரப்பட்டிருந்தால் காரணி வடிவம்தான் முதன்மையான வழி. நான்காம் படிவத்தில் கற்ற கூட்டுத்தொகை–பெருக்கற்பலன் சூத்திரத்தை மூன்றாம், நான்காம் படிகளுக்கு நீட்டிக்கொண்டு போவதைவிட, அதை அப்படியே இருபடி அளவில் வைத்துக்கொண்டு, காரணி வடிவத்துக்குள் ஒரு செங்கல்லைப் போலப் பயன்படுத்துவதே சிக்கனமானது. மற்ற வழிகளுக்கென்று தனித்தனி இடங்கள் உண்டு; அந்த இடங்களை அடையாளம் காணத் தெரிவதுதான் உண்மையான திறமை.

காரணி வடிவத்தின் அடிப்படை எளியது. ஓர் எண் பல்லுறுப்புக்கோவையின் பூச்சியம் என்றால், x-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தது அதன் காரணி என்று காரணித் தேற்றம் சொல்கிறது. ஆகவே பூச்சியங்கள் 2, 3, 4, −5 என்றால் கோவை a(x − 2)(x − 3)(x − 4)(x + 5) என்ற வடிவில்தான் இருக்க முடியும், படி நான்கு என்று தெரிந்திருக்கும்வரை. இங்கே a என்பது பூச்சியமல்லாத எந்த மாறிலியாகவும் இருக்கலாம் என்பதால், பூச்சியங்களை மட்டும் தந்தால் கிடைப்பது ஒரு கோவையல்ல, ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவரைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் கணக்கில் ஒரு புள்ளியோ, தலைக்கெழுவோ (x-இன் மிக உயர்ந்த அடுக்கின் கெழு), y அச்சை வெட்டும் இடமோ தரப்படுகிறது. விடைத்தாள்களில் மிகுதியாகத் தவறவிடப்படுவது இந்த a தான். காரணிகளை எல்லாம் சரியாக எழுதி, பிழையின்றி விரித்து, கடைசியில் தரப்பட்ட புள்ளியைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். முதல் வரியிலேயே a-வை எழுதிவிடும் பழக்கம் ஒன்றுதான் இதற்கு மருந்து.

மேலே எடுத்த நான்கு எண்கள் நான் தேர்ந்தவை அல்ல. பிரெஞ்சு மெய்யியலாளரும் கணிதருமான ரெனே டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவகணித நூலில், சமன்பாடு எப்படி மூலங்களிலிருந்து உருவாகிறது என்பதைக் காட்ட எடுத்துக்கொண்ட மூலங்கள் இவையே. அவர் காரணிகளை ஒவ்வொன்றாகப் பெருக்கி x⁴ − 4x³ − 19x² + 106x − 120 = 0 என்ற சமன்பாட்டை அடைகிறார். இன்றைய மாணவர் அதே வேலையைக் கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு இன்னும் வேகமாகச் செய்யலாம். முதலிரண்டு காரணிகளின் பெருக்கம் 1, −5, 6. இதை (x − 4) ஆல் பெருக்குவதென்றால், ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் எண்ணோடு அதற்கு முந்தைய எண்ணின் −4 மடங்கைக் கூட்டினால் போதும்: 1, பிறகு −5 − 4 = −9, பிறகு 6 + 20 = 26, கடைசியில் 6 × −4 = −24. அடுத்து (x + 5) ஆல் பெருக்க, 1, −9 + 5 = −4, 26 − 45 = −19, −24 + 130 = 106, −120. ஆறாம் படிவத்தில் கற்கும் தொகுமுறை வகுத்தலைப் பின்னோக்கிச் செய்வதுதான் இது. முதல் இரு காரணிகளையும் சேர்த்து எண்ணினால், நான்காம் படிக்கு இவ்வகையில் ஆறே பெருக்கல்கள்தான் தேவைப்படுகின்றன.

இனி ஒரே கணக்கை வெவ்வேறு வழிகளில் போட்டுப் பார்ப்போம். மெய்க்கெழுக்கள் கொண்ட நான்காம் படிக் கோவை ஒன்றின் பூச்சியங்களில் மூன்று, 3, −1/2, 2 + i ஆகியவை (i என்பது −1-இன் வர்க்கமூலம்). அதன் வரைபடம் y அச்சை 30-இல் வெட்டுகிறது. கோவையைக் காண வேண்டும்.

காரணி வழியில், கெழுக்கள் மெய்யெண்கள் என்பதால் 2 + i-இன் இணையெண்ணாகிய 2 − i-யும் ஒரு பூச்சியம் ஆகிறது. இப்போது (x − 2 − i)(x − 2 + i) என்று எழுதி i-களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. இந்த இரண்டின் கூட்டுத்தொகை 4, பெருக்கற்பலன் 4 + 1 = 5; ஆகவே நான்காம் படிவத்துச் சூத்திரப்படி அந்த இணை x² − 4x + 5 என்ற இருபடிக் காரணியைத் தருகிறது. நான் செங்கல் என்றது இதைத்தான். −1/2 என்ற பூச்சியத்துக்கு (2x + 1) என்று எழுதிக்கொண்டால் பின்னம் ஒழிகிறது. கோவை a(x − 3)(2x + 1)(x² − 4x + 5). இதில் x = 0 இட்டால் a × (−3) × 1 × 5 = −15a; அது 30 ஆக வேண்டுமென்பதால் a = −2. விரிக்க வேண்டுமென்றால், (x − 3)(2x + 1) = 2x² − 5x − 3; இதை x² − 4x + 5-ஆல் பெருக்கினால் 2x⁴ − 13x³ + 27x² − 13x − 15; −2 ஆல் பெருக்கினால் −4x⁴ + 26x³ − 54x² + 26x + 30. தாளில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் இல்லை.

இடையே ஒரு நுணுக்கம். (x + 1/2) என்பதற்குப் பதிலாக (2x + 1) என்று எழுதியதும், a என்பது தலைக்கெழு என்ற நிலையை இழந்துவிடுகிறது. தலைக்கெழு இப்போது 2a, அதாவது −4. புள்ளி தரப்பட்ட கணக்கில் இது தானாகவே சரியாகிவிடும். ஆனால் ‘தலைக்கெழு 6’ என்று நேரடியாகத் தரும் கணக்கில் a = 6 என்று எழுதிவிட்டால் விடை இருமடங்காகிவிடும்; அங்கே a = 3 என்றே வர வேண்டும். பின்னத்தைத் தவிர்க்கும் வசதிக்கு நாம் கொடுக்கும் சிறு விலை இது. விலை என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

இதே கணக்கை மூலங்களின் தொடர்புகளால் போடலாம். பிரெஞ்சுக் கணிதர் பிரான்சுவா வியேட்டின் பெயரால் வழங்கும் இத்தொடர்புகளை, எதிர்ம மூலங்களையும் கலப்பெண் மூலங்களையும் விலக்காமல், எந்தப் படிக்கும் பொதுவாக எடுத்துரைத்தவர் ஆல்பர்ட் ஜிரார், அது 1629-இல். x⁴-இன் கெழுவை 1 ஆக வைத்துக்கொண்டால், x³-இன் கெழு மூலங்களின் கூட்டுத்தொகையின் எதிர்மம். x²-இன் கெழு இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டிய தொகை. x-இன் கெழு மும்மூன்றாகப் பெருக்கிக் கூட்டியதன் எதிர்மம். மாறிலி நான்கின் பெருக்கற்பலன். அழகான வரிசைதான். ஆனால் இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு பெருக்கங்கள், மும்மூன்றாக எடுத்தால் நான்கு, எல்லாம் சேர்த்து ஒன்று. ஆக, பதினொரு பெருக்கங்கள், அவற்றில் பல கலப்பெண்களோடு. ஐந்தாம் படிக்குப் போனால் இரண்டிரண்டாகப் பத்து, மும்மூன்றாகப் பத்து, நான்கு நான்காக ஐந்து, எல்லாம் சேர்த்து ஒன்று என இருபத்தாறு ஆகிவிடும். குறிகள் ஒன்று விட்டு ஒன்று மாறுவதை வேறு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சுருக்குவதற்கு வழி உண்டு. மெய்ப்பூச்சியங்களின் கூட்டுத்தொகை 5/2, பெருக்கற்பலன் −3/2. இணைக்கலப்பெண்களின் கூட்டுத்தொகை 4, பெருக்கற்பலன் 5. இரண்டிரண்டாய் எடுத்த தொகை −3/2 + 5 + (5/2 × 4) = 27/2; மும்மூன்றாய் எடுத்தது (−3/2 × 4) + (5 × 5/2) = 13/2. சரியாகத்தான் வருகிறது. ஆனால் இணை இணையாகப் பிரித்துக்கொண்டு செய்யும் இந்தச் சுருக்கம், இரண்டு இருபடிக் காரணிகளைப் பெருக்கும்போது நடக்கும் அதே கணக்கே தவிர வேறல்ல. சுற்றிவந்து காரணி வடிவத்திலேயே நிற்கிறோம். எனவே மூன்றாம் படிக்கு மேல் கோவையை அமைக்க இந்த வழியை முதலாவதாகக் கற்றுத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. சரிபார்க்கும் கருவியாக மட்டும் அது மிக நன்று: விரித்த விடையில் x³-இன் கெழுவை x⁴-இன் கெழுவால் வகுத்து எதிர்மமாக்கினால் 26/4 = 13/2 வருகிறது; நான்கு பூச்சியங்களைக் கூட்டினாலும் 3 − 1/2 + 4 = 13/2. பத்து நொடி வேலை.

ஆனால் பூச்சியங்களே கையில் இல்லாத கணக்குகளில் இதே தொடர்புகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. 2x² − 5x + 1 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் α, β; α², β² ஆகியவற்றை மூலங்களாகக் கொண்ட சமன்பாட்டைக் காண்க என்பது கூடுதல் கணிதத்தில் வழக்கமாக வரும் வகை. இங்கே மூலங்கள் (5 ± √17)/4. அவற்றைக் கண்டுபிடித்து, வர்க்கமாக்கி, காரணியாக எழுதிப் பெருக்கினாலும் விடை வரும். ஆனால் அது கால்வாயைத் தாண்டப் படகுக்குக் காத்திருப்பது. கூட்டுத்தொகை 5/2, பெருக்கற்பலன் 1/2 என்று எடுத்துக்கொண்டால் α² + β² = 25/4 − 1 = 21/4, α²β² = 1/4, ஆகவே 4x² − 21x + 1 = 0. வர்க்கமூலம் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. இருபடியின் இரு மூலங்களையும் ஒரே மாதிரி நடத்தும் எந்தக் கேள்விக்கும் இதைவிடக் குறுகிய வழி கிடையாது.

படி மூன்றாகும்போது, இந்த வகைக் கேள்விக்கு நான்காவது வழியான மாற்றீடு முந்திக்கொள்கிறது. x³ − 3x + 1 = 0-இன் ஒவ்வொரு மூலத்தோடும் 2 கூட்டிய எண்களைப் புதிய மூலங்களாகக் கொள்ள வேண்டும் என்றால், பழைய x-க்குப் பதிலாக x − 2 இட்டால் போதும்: (x − 2)³ − 3(x − 2) + 1, அதாவது x³ − 6x² + 9x − 1 = 0. மூலங்களின் தலைகீழிகள் வேண்டுமென்றால் கெழுக்களைத் தலைகீழாகத் திருப்பி எழுதினால் ஆயிற்று: 1, 0, −3, 1 என்பது 1, −3, 0, 1 ஆகி, x³ − 3x² + 1 = 0 கிடைக்கிறது. இந்த மூலங்கள் மூன்றும் மெய்யெண்களே என்றாலும், அவற்றைக் கையால் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும். புதிய மூலம் பழைய மூலத்திலிருந்து ஒரே விதியின்படி பெறப்படுகிறது என்று கேள்வி சொன்னால் மாற்றீட்டைத் தேடுங்கள். பழைய மூலங்கள் தனித்தனியே வெவ்வேறு விதமாகக் கலக்கப்பட்டிருந்தால் மாற்றீடு அவ்வளவு எளிதில் உதவாது.

நேரிய சமன்பாடுகளின் வழியைப் பெரும்பாலோர் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள், ஏனெனில் அது யோசனை கேட்பதில்லை. நம் நான்காம் படிக் கணக்கில் கோவையை ax⁴ + bx³ + cx² + dx + e என்று வைத்தால், y அச்சுச் செய்தி e = 30 என்று தந்துவிடும். x = 3 இட்டால் 81a + 27b + 9c + 3d = −30. x = −1/2 இட்டால் a/16 − b/8 + c/4 − d/2 = −30. x = 2 + i இடுவதற்கு அதன் அடுக்குகள் வேண்டும்: இரண்டாம் அடுக்கு 3 + 4i, மூன்றாம் அடுக்கு 2 + 11i, நான்காம் அடுக்கு −7 + 24i. மெய்ப்பகுதி −7a + 2b + 3c + 2d = −30 என்றும், கற்பனைப் பகுதி 24a + 11b + 4c + d = 0 என்றும் தரும். நான்கு தெரியாதவை, நான்கு சமன்பாடுகள். −4, 26, −54, 26 என்பவை எல்லாவற்றையும் நிறைவு செய்கின்றன, போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த எண்களை அடைய நீக்கல் முறையில் ஒரு பக்கம் முழுதும் எழுத வேண்டும். மாணவர்களின் பையில் சாதாரணமாகக் காணப்படும் காசியோ எஃப்எக்ஸ்-570எம்எஸ் கணிப்பான் மூன்று தெரியாதவைகளோடு நின்றுவிடுகிறது. நான்கைத் தீர்க்கும் புதிய ரகங்கள் இருந்தாலும், செய்முறையைக் காட்டச் சொல்லும் கேள்வியில் கணிப்பான் தந்த நான்கு எண்களை மட்டும் எழுதிவைத்தால் செய்முறைக்குரிய மதிப்பெண் எங்கிருந்து வரும்?

பூச்சியங்கள் எல்லாம் தெரிந்திருக்கும்போது இந்த வழியை எடுப்பது, கையில் இருக்கும் தகவலைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தேடுவதற்கு ஒப்பாகும். 3 ஒரு பூச்சியம் என்ற செய்தி காரணி வடிவில் ஒரு காரணியாக உடனே நிலைபெறுகிறது. நேரிய சமன்பாட்டிலோ அது நான்கு கெழுக்களுக்கிடையே ஓர் உறவாக மங்கிப்போகிறது.

ஆயினும் பூச்சியங்கள் போதாத கணக்குகளில் வேறு வழியே இல்லை. 2x³ + ax² + bx − 6 என்ற கோவைக்கு (x − 2) ஒரு காரணி. (x + 1)-ஆல் வகுத்தால் மீதி −12. a, b காண்க. இது எஸ்.டி.பி.எம். வினாத்தாளில் நன்கு பழகிய முகம். காரணித் தேற்றம் 2a + b = −5 என்றும், மீதித் தேற்றம் a − b = −4 என்றும் தருகின்றன; கூட்டினால் 3a = −9, a = −3, b = 1. இந்தக் கோவையின் மற்ற இரு பூச்சியங்களும் 2x² + x + 3-இன் பூச்சியங்கள், அதன் தன்மைகாட்டி −23. அந்தக் கலப்பெண்களைத் தேடிக் காரணி வடிவம் எழுத நினைப்பவர், இரண்டே வரியில் முடியும் கணக்கைக் குப்புறத் தள்ளிவிடுகிறார். ஆகவே கேள்வியைப் படித்ததும் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘எத்தனை பூச்சியங்கள் தரப்பட்டுள்ளன, படி எத்தனை?’ என்பதே. இரண்டும் சமமானால் காரணி வடிவம். பூச்சியங்கள் ஒன்றிரண்டு குறைந்து, மற்ற செய்திகள் மீதியாகவும் புள்ளிகளாகவும் இருந்தால், தெரிந்த காரணிகளை வெளியே எடுத்துவிட்டு எஞ்சியதற்கு மட்டும் தெரியாத கெழுக்களை வைப்பதா, முழுவதற்குமே வைப்பதா என்று எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வரைபடத்தைப் பார்த்துக் கோவையைக் காணும் கேள்வியில் போட்டியே கிடையாது. வரைபடம் x அச்சை −1-இல் வெட்டிச் செல்கிறது, 2-இல் தொட்டுத் திரும்புகிறது, y அச்சை 8-இல் வெட்டுகிறது, படி மூன்று. தொட்டுத் திரும்பும் இடம் இரட்டை மடங்குப் பூச்சியம் என்பதால் a(x + 1)(x − 2)², x = 0-இல் 4a = 8, a = 2; விரித்தால் 2x³ − 6x² + 8. நேரிய சமன்பாட்டு வழியில் ‘தொடுகிறது’ என்ற செய்தியைச் சமன்பாடாக்க வகைக்கெழுவைக் கொண்டுவர வேண்டும்.

இணைப் பூச்சியம் பற்றி ஒரு சொல், ஏனெனில் வழி எதுவானாலும் இங்கே தவறினால் எல்லாமே தவறிவிடும். கலப்பெண்ணின் இணையெண் கட்டாயம் வருவது கெழுக்கள் மெய்யெண்கள் என்ற நிபந்தனையால். 1 + √2 இருந்தால் 1 − √2-உம் கட்டாயம் வருவது கெழுக்கள் விகிதமுறு எண்கள் என்ற நிபந்தனையால். கேள்வி ‘மெய்க்கெழுக்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், 1 + √2-க்குத் துணை தேட வேண்டியதில்லை. x − 1 − √2 என்பதே மெய்க்கெழுக்கள் கொண்ட முதற்படிக் கோவைதான். கேள்வியில் ‘முழுவெண் கெழுக்கள், மிகக் குறைந்த படி’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் படிக்கச் சொல்வேன். கனமூலம் வந்தாலோ இந்த இணை விதியே உதவாது. 1 + ∛2-ஐப் பூச்சியமாகக் கொண்ட முழுவெண் கெழுக் கோவை வேண்டுமென்றால், x − 1 = ∛2 என்று எழுதி இருபுறமும் மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் x³ − 3x² + 3x − 3 கிடைக்கிறது. √2 + √3-க்கும் இதே தந்திரம், இரண்டு முறை வர்க்கமாக்க வேண்டும்: x⁴ − 10x² + 1. காரணி வடிவத்தில் இதற்குத் தேவைப்படும் மற்ற மூன்று பூச்சியங்களும் ±√2 ± √3 என்ற குடும்பத்தில் எஞ்சியவை என்று தெரிந்தவருக்கு அதுவும் ஒரு வழிதான். தெரியாதவருக்கு வர்க்கமாக்குவது பத்திரமானது.

டியூஷன் எடுப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டிலிருந்து கிடைப்பது கற்பிக்கும் வரிசை. நான்காம் படிவத்தில் கூட்டுத்தொகை–பெருக்கற்பலன் சூத்திரத்தை மனப்பாடமாகத் தருவதற்கு முன்பே (x − α)(x − β)-வை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டால், அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இரண்டாண்டு கழித்து மூன்றாவது காரணி ஒன்றைச் சேர்த்துப் பெருக்க அவருக்குப் புதிதாக எதுவும் தேவைப்படாது. சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருபவரோ, மூன்றாம் படிக்கு வேறொரு சூத்திரம், நான்காம் படிக்கு இன்னொன்று என்று கேட்டுக்கொண்டு நிற்பார். நேரம் குறைவாக இருக்கும் வகுப்பில் முதலில் விடக்கூடியது மும்மூன்றாய்ப் பெருக்கிக் கூட்டும் தொடர்புகளை வைத்துக் கோவை அமைக்கும் பயிற்சி. விடவே கூடாதது a-வைக் கண்டுபிடிக்கும் படிநிலை.

விரித்தபின் சரிபார்க்கும் பழக்கத்தையும் அந்த வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். x = 1 இட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் பிடித்த வழி; ஆனால் அது கெழுக்களின் மொத்தத்தை மட்டுமே சோதிக்கிறது, இரண்டு கெழுக்கள் இடம் மாறியிருந்தால் பிடிபடாது. x = 2 இடுவது சற்று நல்லது. நம் கணக்கில் காரணி வடிவம் −2 × (−1) × 5 × 1 = 10; விரித்த வடிவம் −64 + 208 − 216 + 52 + 30 = 10.

கடைசியாக, விரிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி. பலர் விரித்த வடிவமே முழுமையான விடை என்று நினைக்கிறார்கள். அது ஒரு பழக்கமே தவிர விதியல்ல. ஆங்கிலேயக் கணிதர் ஜேம்ஸ் வில்கின்சன் ஆராய்ந்த கோவை ஒன்று இதற்கு நல்ல எச்சரிக்கை. அதன் பூச்சியங்கள் 1 முதல் 20 வரையுள்ள முழுவெண்கள். காரணி வடிவில் எழுதினால் குழந்தைகூடப் பூச்சியங்களைச் சொல்லிவிடும். விரித்து எழுதினால் மாறிலி 2,432,902,008,176,640,000. x¹⁹-இன் கெழு −210. அந்த −210-இலிருந்து 2⁻²³, அதாவது ஏறத்தாழ 0.00000012, கழித்தால்கூட, இருபது பூச்சியங்களில் பத்து கலப்பெண்களாகிவிடுகின்றன. 20 என்ற பூச்சியம் 20.8-க்கு மேல் நகர்ந்துவிடுகிறது. கணினியில் பூச்சியங்களிலிருந்து கெழுக்களைக் கணக்கிட்டுத் தரும் கட்டளைகள் இருக்கத்தான் செய்கின்றன, பைத்தான் மொழியின் நம்பை நூலகத்திலும் ஒன்று உண்டு. ஆனால் பூச்சியங்கள் கையில் இருக்கும்போது கெழுக்களுக்கு மாறி மீண்டும் பூச்சியங்களைத் தேடுவது, படி கூடும்போது நம்பத்தக்கதாக இருப்பதில்லை. பொறியியல், கணினித் துறைகளுக்குப் போகப்போகும் மாணவர்கள் இதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வுத் தாளிலும் இதே நிலைதான். நம் கோவையின் வரைபடத்தைப் பருமட்டாக வரையச் சொன்னால், −2(x − 3)(2x + 1)(x² − 4x + 5) என்ற வடிவமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: அச்சை −1/2-இலும் 3-இலும் வெட்டுகிறது, இருபடிக் காரணி எங்கும் பூச்சியமாவதில்லை, எப்போதும் நேர்ம மதிப்புடையது, தலைக்கெழு −4 என்பதால் இரு முனைகளும் கீழ்நோக்கிச் செல்கின்றன, சார்பின் மதிப்பு நேர்மமாக இருப்பது −1/2-க்கும் 3-க்கும் இடையில் மட்டுமே. −4x⁴ + 26x³ − 54x² + 26x + 30 என்பதிலிருந்து இவற்றில் பாதியை எடுப்பதற்குக்கூட மறுபடி காரணிப்படுத்த வேண்டியிருக்கும். வினாவில் ‘ax⁴ + bx³ + cx² + dx + e என்ற வடிவில் தருக’ என்று இருந்தால் விரியுங்கள். இல்லையென்றால் a-வின் மதிப்பை இட்டு, காரணி வடிவத்திலேயே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.